நிலம் ஒரு கணக்கு, கடல் ஒரு கணக்கு

2004 டிசம்பர் 26, இந்திய நேரம் காலை 6.28. சுமத்ராத் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடித்தளம் உடையத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் அதன் அளவை 8.0 என்று அறிவித்தது. ஒரு மணி நேரம் கடந்தபின் அந்த எண் 8.5 ஆயிற்று. காலை 9 மணியை ஒட்டித் தமிழகக் கரையில் கடல் ஊருக்குள் புகுந்தபோது உலகின் கையில் இருந்த கணிப்பு அதுதான். பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு நீண்ட அலைகளை ஆராய்ந்து 9.0 என்றது. 2005 மார்ச்சில் சேத் ஸ்டைன், எமில் ஓகல் இருவரும் 9.3 என்று மதிப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

இந்த அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது. 8.0, 9.3 என்ற இரண்டு எண்களும் அருகருகே இருப்பதுபோலத் தோன்றினாலும், பிளவின் பரப்பையும் அதன் நழுவலையும் பெருக்கி வரும் அடிப்படை அளவில் அவற்றின் வேறுபாடு ஏறக்குறைய 90 மடங்கு. அன்று கருவிகள் பழுதாகிவிடவில்லை. ஒவ்வொரு கருவியும் தன் இயல்புக்கு எட்டிய பகுதியைச் சரியாகவே பதிந்தது. உடைந்தது முழுவதும் எந்த ஒரு கருவிக்கும் எட்டவில்லை.

அமிழ்வு மண்டலப் பிளவுகளை ஆராய்வோர் இருவகைப் பதிவுகளை நம்பியிருக்கிறார்கள். ஒன்று, நிலத்தின் வழியே வரும் அதிர்வு. மற்றொன்று, கடலின் வழியே வரும் அலை. இரண்டும் ஒரே பிளவிலிருந்து புறப்பட்டாலும் பெரும்பாலும் ஒரே விடையைத் தருவதில்லை. அந்த முரண்பாட்டைப் பிழையென்று ஒதுக்காமல் அதன் காரணத்தைத் தேடியபோதுதான், கடலுக்கடியில் யாரும் காணாத இடத்தில் நடந்ததை அறிவியல் அறிந்துகொண்டது.

பிளவை எண்களாக்குதல்

வங்கக் கடலின் கிழக்கு ஓரத்தில் இந்தியப் புவித்தட்டு, சுண்டா அகழியின் நெடுகிலும் சாய்ந்து, சுமத்ராவும் நிக்கோபாரும் அந்தமானும் நிற்கும் தட்டுக்கு அடியில் அமிழ்கிறது. இதுவே அமிழ்வு மண்டலம். அமிழும் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். இரு தட்டுகளும் தொட்டுக்கொள்ளும் சாய்தளத்தின் மேற்பகுதி உராய்வால் இறுகிக் கிடக்கும். அதனால் மேல்தட்டின் விளிம்பும் கீழ்த்தட்டோடு சேர்ந்து மெல்ல இழுபட்டு வளைகிறது. நூற்றாண்டுகள் சேர்ந்த இந்த வளைவு சில நிமிடங்களில் விடுபடுவதே பெரு நிலநடுக்கம். அகழியை ஒட்டிய கடலடி மேலெழும். அதற்குப் பின்னால் கரைப்பக்கம் தாழும். 2004இல் வட அந்தமானின் மேற்கு ஓரத்தில் பவளத் திட்டுகள் நீருக்கு மேல் உயர்ந்ததும், கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனையில் நிலம் சுமார் 4.25 மீட்டர் தாழ்ந்து கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் ஏறியதும் ஒரே செயலின் இரு பக்கங்கள்.

இந்தச் சாய்தளத்தை ஆய்வாளர்கள் ஒரு செவ்வகமாகவோ செவ்வகத் துண்டுகளின் தொகுப்பாகவோ வரைந்துகொள்கிறார்கள். நீளம், அகலம், எந்தத் திசையில் கிடக்கிறது, எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, மேல்விளிம்பு எவ்வளவு ஆழத்தில் உள்ளது, இரு பக்கமும் ஒன்றையொன்று எத்தனை மீட்டர், எந்தத் திசையில் நழுவின, எந்தத் துண்டு எப்போது நழுவியது ஆகியவையே கண்டறிய வேண்டியவை. பரப்பையும் சராசரி நழுவலையும் பாறையின் விறைப்புக் குணகத்தையும் பெருக்கினால் கிடைப்பது நில அதிர்வுத் திருப்புத்திறன். 1977இல் ஹிரோ கனமோரி இதை அடிப்படையாகக் கொண்டு வகுத்த அளவுகோலைத்தான் இன்று பெரு நிலநடுக்கங்களுக்குப் பயன்படுத்துகிறோம். 1,300 கி.மீ. நீளமும் 150 கி.மீ. அகலமும் உள்ள பரப்பு சராசரியாக 5 மீட்டர் நழுவினால் அளவு சுமார் 9.0 வரும். நழுவல் 10 மீட்டராக இருந்தால் 9.2ஐ நெருங்கும்.

இந்தப் பெருக்கலில் ஒரு சிக்கல் உண்டு. நீளமான பரப்பில் சிறிய நழுவல், குறுகிய பரப்பில் பெரிய நழுவல் இரண்டும் ஒரே திருப்புத்திறனைத் தரலாம். அளவு மாறாது. கடலின் எழுச்சியோ முற்றிலும் மாறிவிடும். ஆகவே மொத்த அளவு தெரிந்தால் போதாது. எந்த இடத்தில் எவ்வளவு நழுவியது என்ற வரைபடம் வேண்டும்.

நில அதிர்வுப் பதிவின் வலிமையும் எல்லையும்

நில அதிர்வலைகளின் பெரிய வலிமை வேகம். நொடிக்குப் பல கிலோமீட்டர் பாயும் முதன்மை அலைகள் சில நிமிடங்களிலேயே கண்டம் தாண்டி வந்துவிடுகின்றன. உடைவு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் பரவியது, எவ்வளவு வேகத்தில் பரவியது என்பவற்றை அவை நொடிக் கணக்கில் சொல்லும். 2004 நிகழ்வில் மியாக்கி இஷியும் உடனாய்வாளர்களும் ஜப்பானின் ஹை-நெட் வலையமைப்பிலுள்ள நூற்றுக்கணக்கான நிலையங்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்து, அதிர்வு புறப்பட்ட இடம் நகர்ந்து சென்ற வழியைப் பின்தொடர்ந்தார்கள். உடைவு வடக்கு நோக்கி நொடிக்கு சுமார் 2.8 கி.மீ. வேகத்தில் 1,300 கி.மீ. ஓடியது என்று அவர்கள் கண்டார்கள். அந்தத் தொலைவைக் கடக்க அதற்கு ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆனது.

அந்த நீளமான காலமே சிக்கலின் வேர். விரைவான அளவீட்டு முறைகள் முதல் சில நிமிடங்களின் அலைகளையோ, ஒப்பீட்டளவில் குறுகிய அலைவுக்காலம் கொண்ட அலைகளையோ நம்பியவை. உடைவு ஓயும் முன்பே முதன்மை அலைகளின் மீது அடுத்தடுத்த அலைகளும் எதிரொலிப்புகளும் வந்து ஏறிவிடுகின்றன. பிளவு எவ்வளவு நீண்டாலும் 20 நொடி அலையின் வீச்சு ஒரு வரம்புக்கு மேல் வளராது. அதனால் 9ஐத் தாண்டும் நிலநடுக்கம் 8ஐ ஒட்டியதாகத் தெரிகிறது.

இதைத் தாண்ட நீண்ட அலைகளுக்குப் போக வேண்டும். கோயில் மணியை ஓங்கி அடித்தபின் நெடுநேரம் நிற்கும் கார்வையைப்போல, பெரு நிலநடுக்கத்துக்குப் பிறகு முழுப் புவியும் நாள் கணக்கில் அதிர்ந்துகொண்டிருக்கும். இந்தக் கட்டற்ற அலைவுகளில் மிக நீண்டதன் காலம் சுமார் 54 நிமிடம். ஸ்டைனும் ஓகலும் 9.3 என்ற முடிவுக்கு வந்தது இவற்றை அளந்துதான். உடைவின் ஒரு பகுதி, சாதாரண நில அதிர்வுமானிகள் உணரும் வேகத்தைவிட மெதுவாக நழுவியிருக்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் இருந்தது. ஆனால் முழுப் புவியின் அதிர்வு மொத்தத் தொகையைச் சொல்லுமே தவிர, அந்தத் தொகை பிளவின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று விரிவாகப் பிரித்துக் காட்டாது.

கடல்மட்டத்திலிருந்து பிளவுக்கு

பிளவு நழுவும்போது கடலடி எழுகிறது. எழும் பகுதியின் அகலம் நூறு கிலோமீட்டருக்கு மேல், நீரின் ஆழமோ சில கிலோமீட்டர். ஆகவே மேலிருக்கும் நீர் விலகி ஓட நேரமின்றி அப்படியே தூக்கப்படுகிறது. கடல்மட்டத்தின் தொடக்க வடிவம் கடலடி மாறிய வடிவத்தை ஒத்திருக்கும். சுனாமி அந்த வடிவத்தைச் சுமந்துகொண்டு புறப்படுகிறது. நில அதிர்வலை நழுவலின் வேகத்தை ஒட்டியது. சுனாமியோ பெயர்ந்த கடலடியின் பரப்பையும் உயரத்தையும் ஒட்டியது. நழுவல் ஒரு நிமிடத்தில் முடிந்தாலும் ஐந்து நிமிடம் எடுத்தாலும் கடல் அதை ஏறக்குறைய ஒரே மாதிரி ஏற்கும்.

சுனாமியின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 710 கி.மீ. 50 மீட்டர் ஆழத்தில் சுமார் 80 கி.மீ. கடலின் ஆழ வரைபடம் இருந்தால், ஒரு துறைமுகத்தில் அலை வந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அது எந்தக் கோட்டிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும் என்று வரையலாம். பல துறைமுகங்களிலிருந்து இப்படி வரையும் கோடுகள் பிளவின் எல்லையைச் சூழ்ந்து நிற்கும்.

அலை வந்த நேரத்தோடு நில்லாமல் அதன் முழு வடிவத்தையும் பயன்படுத்தும் முறையை 1980களில் வளர்த்தவர்களில் முன்னோடி ஜப்பானிய அறிவியலாளர் கெஞ்சி சதாகே. பிளவைப் பல துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு துண்டு மட்டும் ஒரு மீட்டர் நழுவினால் கடலடி எப்படி மாறும் என்பதற்கு யோஷிமித்சு ஒகாடா 1985இல் தொகுத்தளித்த சமன்பாடுகள் உள்ளன. அந்த மாற்றத்தைத் தொடக்கமாக வைத்துக் கணினியில் சுனாமியை ஓடவிட்டு, ஒவ்வொரு நிலையத்திலும் எப்படிப் பதிவாகும் என்று பார்க்க வேண்டும். எல்லாத் துண்டுகளுக்கும் இதைச் செய்தபின், எந்தத் துண்டுக்கு எத்தனை மீட்டர் கொடுத்துக் கூட்டினால் உண்மையான பதிவு கிடைக்கிறது என்று தீர்வு காண வேண்டும். ஆழ்கடலில் சுனாமி ஏறத்தாழ நேரியல் விதிப்படி நடப்பதால்தான் இந்தக் கூட்டல் செல்லும்.

அலையின் முதல் அசைவே ஒரு தகவல். எழுந்த கடலடி அகழிப் பக்கம் இருந்ததால் 2004இல் மேற்கே இந்தியக் கரைக் கடல்மட்டமானிகளில் முதலில் ஏற்றம் பதிவானது. தாழ்ந்த பகுதி கிழக்கே இருந்ததால் தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் உள்வாங்கியது. நீளமான பிளவிலிருந்து அலையாற்றல் அதற்குச் செங்குத்தான திசையில்தான் அதிகம் பாயும். பிளவு பெரும்பாலும் தெற்கு வடக்காகக் கிடந்ததால் இலங்கையும் தமிழகமும் அந்தப் பாதையில் அகப்பட்டன. வடக்கே இருந்த வங்கதேசம் பெருமளவு தப்பியது.

1881: நாகப்பட்டினத்தின் பதிவு

இந்த முறைக்கு வங்கக் கடலிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. நவீன நில அதிர்வுமானிகள் உலகில் பரவாத காலம் அது. ஆனால் கப்பல் போக்குவரத்துக்கும் சராசரிக் கடல்மட்டத்தை நிர்ணயிப்பதற்கும் இந்திய நில அளவைத் துறை துறைமுகங்களில் கடல்மட்டமானிகளை நிறுவியிருந்தது. நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் ஆகியவை அவற்றுள் சில. ஏற்ற இறக்கத்தின் மெதுவான வளைகோட்டின்மேல் அன்று சிறு அலைகள் ஏறி நின்றன. அதிகபட்ச ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தப் படங்களை நில அளவைத் துறையினர் அடுத்த ஆண்டுகளிலேயே விளக்கக் குறிப்புகளோடு வெளியிட்டார்கள்.

120 ஆண்டுகள் கழித்து மொடெஸ்டோ ஓர்ட்டிஸும் ரோஜர் பில்ஹமும் வங்கக் கடலைச் சுற்றியிருந்த எட்டு நிலையங்களின் அந்தப் பதிவுகளை எடுத்து, அலைகளிலிருந்து பிளவைக் கணக்கிட்டார்கள். அளவு சுமார் 7.9, நழுவல் சுமார் 2.7 மீட்டர், பிளவு கார் நிக்கோபாருக்கு அடியில் கிழக்கு நோக்கிச் சாய்ந்தது என்பது அவர்கள் கண்ட விடை. ஆய்வு வெளியான ஆண்டு 2003. நில அதிர்வுமானிப் பதிவு எதுவும் இல்லாமல், கடலின் பதிவை மட்டும் கொண்டு ஒரு பிளவின் உருவத்தை மீட்டெடுக்கலாம் என்பதற்கு இது அழுத்தமான சான்று.

அதே ஆய்வு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அந்தத் தட்டெல்லையின் அந்தமான் நிக்கோபார் பகுதி பற்றி நமக்கு இருந்த கருவிப் பதிவுகள் 8ஐத் தாண்டாத நிலநடுக்கங்களையே காட்டின. அடுத்த ஆண்டே 1881இன் பகுதியையும் விழுங்கிக்கொண்டு முழு நீளமும் உடைந்தது. தாய்லாந்தின் ஃப்ரா தொங் தீவில் பின்னர் தோண்டியபோது, 2004 மணற்படிவுக்கு அடியில் ஏறக்குறைய 550 முதல் 700 ஆண்டு பழமையான இன்னொரு மணற்படிவு கிடைத்தது. பெரும் உடைவுகளின் இடைவெளி, கருவிகளின் வயதைவிடப் பல மடங்கு நீளம். இருக்கும் பதிவுகளை மட்டும் வைத்து அடுத்த உடைவின் உச்ச அளவை முடிவு செய்யக் கூடாது என்பதே அந்தப் பாடம்.

2004: பாரதீப் கேட்ட 30 விழுக்காடு

தோர்ன் லே தலைமையிலான குழு 2005 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழில் 2004 பிளவை மூன்று பகுதிகளாக விவரித்தது. தெற்கே சுமத்ராப் பகுதி 420 கி.மீ., நடுவே நிக்கோபார் 325 கி.மீ., வடக்கே அந்தமான் 570 கி.மீ. பின்னதிர்வுகள் மூன்றையும் நிறைத்து 1,300 கி.மீ. நீளம் பரவியிருந்தன. ஆனால் சுனாமியைப் பெரிதும் எழுப்பிய பகுதியின் நீளம் ஏறக்குறைய 600 கி.மீ. என்றே அந்தக் குழு மதிப்பிட்டது. வடபகுதியின் நழுவல், சில நிமிடங்களில் முடியாமல், நீர் விலகி ஓட நேரம் கிடைக்கும் அளவுக்கு மிக மெதுவாக நடந்ததால் கடலை அதிகம் அசைக்கவில்லை என்பது அவர்கள் கருத்து.

கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதற்கு ஒரு மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். இந்தியக் கிழக்குக் கரையில் அந்தச் சுனாமியைப் பதிந்த நிலையங்களுள் வடகோடியில் இருப்பது ஒடிசாவின் பாரதீப். 600 கி.மீ. நீளம் மட்டும் எழுந்திருந்தால் அலை அங்கே வந்த நேரத்தை விளக்க முடியாது. பிளவு வடக்கே இன்னும் நீண்டு, மூலத்தின் நீளம் சுமார் 30 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்று அவர்கள் காட்டினார்கள். உலக அளவிலான ஆய்வு ஒன்றைத் திருத்தும் வலு, ஒரு துறைமுகத்தின் வழக்கமான கடல்மட்டப் பதிவுக்கு இருந்தது.

வானத்திலிருந்தும் ஓர் அளவீடு கிடைத்தது. உடைவுக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 செயற்கைக்கோள் வங்கக் கடலின் மேலாகச் சென்றது. அதன் ரேடார், ஆழ்கடலில் அலையின் முகப்பை சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் பதிந்தது. கரையில் வீடுகளைச் சாய்த்த நீர் நடுக்கடலில் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம்தான். 2007இல் யூஷிரோ ஃபூஜியும் சதாகேயும் துறைமுகப் பதிவுகளையும் செயற்கைக்கோள் பதிவையும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது சுனாமி மூலத்தின் நீளம் சுமார் 900 கி.மீ. என்றும், சுமத்ராவுக்கு அப்பால் நழுவல் 13 முதல் 25 மீட்டர் வரை என்றும் வந்தது.

நில அதிர்வு 1,300 என்கிறது, கடல் 900 என்கிறது. இரண்டில் எது சரி என்று கேட்பதைவிட, வித்தியாசப்படும் 400 கி.மீ. எங்கே இருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். அது வடகோடியில், அந்தமான் பகுதியில் இருக்கிறது. அங்கே உடைவு சென்றது, ஆனால் கடலைத் தூக்கும் அளவுக்கு நழுவல் பெரிதாக இல்லை, அல்லது அதன் ஒரு பங்கு மிக மெதுவாக நடந்தது. ஒரே பிளவின் தென்கோடியும் வடகோடியும் வெவ்வேறு இயல்பு கொண்டவை என்ற முடிவு இந்த ஒப்பீட்டிலிருந்தே வந்தது.

2011: அகழியை ஒட்டிய ஐம்பது மீட்டர்

ஜப்பானின் தோஹோகு நிலநடுக்கம் இந்த ஒப்பீட்டின் உச்சம். 2011 மார்ச் 11, உள்ளூர் நேரம் பிற்பகல் 2.46. மூன்று நிமிடத்தில் ஜப்பான் வானிலை முகமை 7.9 என்று கணித்து, மியாகி கரைக்கு 6 மீட்டர் அலையும் இவாத்தே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீட்டர் அலையும் வரும் என எச்சரித்தது. உண்மையான அளவு 9ஐத் தொட்டது. அதிர்வு மிகக் கடுமையாக இருந்ததால் நாட்டுக்குள் இருந்த நீண்ட அலை உணரும் நில அதிர்வுமானிகள் எல்லை மீறிப் பயனற்றுப் போயின. எச்சரிக்கையைத் திருத்த உதவியது கடல். கரைக்கு அப்பால் மிதந்த ஜி.பி.எஸ். மிதவைகள் பெரிய ஏற்றத்தைக் காட்டிய பிறகு, 3.14க்கு மதிப்பீடு உயர்த்தப்பட்டது.

காமாய்ஷிக்கு அப்பால் கடலடியில் பதித்திருந்த இரண்டு அழுத்தமானிகள் தந்த வளைகோடு இத்துறையில் புகழ்பெற்றது. முதலில் கடல்மட்டம் மெல்ல சுமார் 2 மீட்டர் உயர்ந்தது. பிறகு ஓரிரு நிமிடங்களில் செங்குத்தாக மேலும் 3 மீட்டர் எழுந்தது. ஒரே சுனாமியில் இரண்டு உருவங்கள். அகலமான மெதுவான ஏற்றம், பிளவின் ஆழமான பகுதியில் நடந்த பரந்த நழுவலிலிருந்து வந்தது. கூர்மையான எழுச்சி, அகழியை ஒட்டிய குறுகிய பட்டையில் நடந்த மிகப் பெரிய நழுவலைக் காட்டியது. சதாகேயின் குழு 2013இல் வெளியிட்ட கணக்கின்படி அந்தப் பட்டையில் நழுவல் 69 மீட்டர் வரை போனது.

நம்ப முடியாத அந்த எண்ணை வேறு அளவீடுகளோடு ஒப்பிடலாம். நிலத்தில் ஜி.பி.எஸ். காட்டிய மிகப் பெரிய பெயர்ச்சி, ஓஷிகா தீபகற்பத்தில், 5.3 மீட்டர். நிலநடுக்க மையத்தை ஒட்டிய கடலடி அளவீட்டில் 24 மீட்டர். அகழியின் விளிம்பிலோ நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆழ வரைபடங்களை ஒப்பிட்டபோது சுமார் 50 மீட்டர். கரையிலிருந்து அகழி நோக்கிப் போகப்போக நழுவல் பெருகியது. நிலத்தில் நின்று அளந்தவர்களுக்கு அதன் சிறு பங்கே கிடைத்தது. அகழியை ஒட்டிய மென்மையான களிமண் பகுதி அதிர்வைப் பிறப்பிக்காது என்றும், பெரிதாக நழுவாது என்றும் அதுவரை பரவலாகக் கருதப்பட்டது. 2012இல் சிக்யூ ஆய்வுக் கப்பல் அங்கே துளையிட்டு, பிளவு சில மீட்டர் தடிப்பே உள்ள களிமண் படலத்தில் ஓடுவதைக் கண்டது. வழுக்கும் அந்தப் படலமே பெரு நழுவலுக்கு வழிவிட்டது.

அதிர்வும் அலையும் பொருந்தாத நிகழ்வுகள்

அகழியை ஒட்டிய பகுதி மட்டும் தனியாக உடைந்தால் என்ன ஆகும் என்பதை வரலாறு பல முறை காட்டியிருக்கிறது. 1896 ஜூன் 15 அன்று ஜப்பானின் சன்ரிகு கரையில் மென்மையான அதிர்வே உணரப்பட்டது. பின்தொடர்ந்த சுனாமி ஏறக்குறைய 22,000 பேரைக் கொன்றது. 1972இல் கனமோரி, அதிர்வுக்குப் பொருந்தாத பெரிய அலையை எழுப்பும் இத்தகையவற்றைச் ‘சுனாமி நிலநடுக்கங்கள்’ என்று தனி வகையாகப் பிரித்தார். 2006 ஜூலையில் ஜாவாவின் தென்கரையிலும், 2010 அக்டோபரில் சுமத்ராவுக்கு அப்பாலுள்ள மென்டவாய் தீவுகளிலும் இதுவே நடந்தது. மென்டவாய் நிகழ்வின் அளவு 7.8. அதிர்வு மெல்லியதாக, ஆனால் நீண்டதாக இருந்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

எதிர்த்திசையிலும் சான்றுகள் உண்டு. 2005 மார்ச் 28 நியாஸ் நிலநடுக்கம் 8.6 அளவுடையது. எழுந்த பரப்பின் பெரும்பகுதி தீவுகளுக்கும் ஆழமற்ற கடலுக்கும் அடியில் இருந்ததால் தூக்கப்பட்ட நீர் குறைவு, சுனாமியும் சிறிது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் நேர்ந்த நிலநடுக்கமும் 8.6. அன்று சென்னைக் கடற்கரையிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் அது தட்டெல்லைச் சாய்தளத்தில் நிகழாமல் இந்தியத் தட்டின் உள்ளேயே பக்கவாட்டில் நழுவியது. கடலடி பெரிதாக எழவில்லை, அலையும் பெரிதாக வரவில்லை. ஒரே எண் கொண்ட இரு நிலநடுக்கங்கள் கடலுக்கு ஒன்றல்ல என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சான்றுகள் அரிது.

மாதிரிகளின் எல்லை

கடல்வழிக் கணக்கும் குறையற்றது அன்று. துறைமுகப் பதிவில் பிளவின் குரலோடு துறைமுகக் குடாவின் சொந்த அலைவும் கலந்து வருகிறது. கரையோர ஆழ வரைபடம் தவறினால் அலை வரும் நேரமும் தவறும். நிலையத்தின் கடிகாரம் ஐந்து நிமிடம் பிசகினால் ஆழ்கடலில் அது 60 கி.மீ. பிசகுக்குச் சமம். பிளவு 1,300 கி.மீ. நீண்டு எட்டு நிமிடம் உடைந்துகொண்டிருக்கும்போது, முதலில் எழுந்த அலை அதற்குள் 100 கி.மீ. தொலைவை நெருங்கிவிடும். எல்லாத் துண்டுகளும் ஒரே கணத்தில் நழுவியதாக வைத்தால் கணக்கு கோணும். அங்கேதான் நில அதிர்வுப் பதிவின் நொடித் துல்லியம் கடலுக்கு உதவுகிறது.

நெடுந்தொலைவில் இன்னொரு பிழை வெளிப்பட்டது. 2010 சிலி, 2011 தோஹோகு சுனாமிகள் பசிபிக்கைக் கடந்து, கணித்த நேரத்தைவிடப் பத்து நிமிடங்களுக்கு மேலும் தாமதமாக மறுகரைக்கு வந்தன. நீரின் எடையில் கடலடி சிறிது வளைவதும், ஆழத்தில் நீர் சற்று அழுந்துவதும் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன என்று பின்னர் விளங்கியது. இந்தத் திருத்தத்தைச் சேர்த்த பிறகே தொலைதூரப் பதிவுகள் பிளவைக் கணக்கிடப் பயன்பட்டன.

எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்வு ஒன்றே ஒன்று அல்ல. துண்டுகள் அதிகமாகவும் நிலையங்கள் குறைவாகவும் இருந்தால் பல வரைபடங்கள் ஒரே பதிவுக்குப் பொருந்தும். அண்டைத் துண்டுகளின் நழுவல் சட்டென மாறாது போன்ற நிபந்தனைகளை ஆய்வாளரே சேர்க்கிறார். ஆகவே வண்ண வரைபடத்தில் தெரியும் ஒவ்வொரு திட்டும் உண்மையென்று கொள்ளலாகாது. அதிர்வு, அலை, ஜி.பி.எஸ்., பவளத் திட்டு ஆகிய வெவ்வேறு சான்றுகள் சேர்ந்து ஒப்பும் அம்சங்களையே நம்ப வேண்டும்.

இதிலிருந்து செய்ய வேண்டியவை

2004இல் இந்தியப் பெருங்கடலில் ஆழ்கடல் சுனாமி அழுத்தமானி ஒன்றுகூட இயங்கவில்லை. இன்று ஹைதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நில அதிர்விலிருந்து முதல் மதிப்பீடு, முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சுனாமி மாதிரிகளிலிருந்து முதல் கணிப்பு, கடலடி அழுத்தமானிகளாலும் கடல்மட்டமானிகளாலும் உறுதிப்படுத்தல் என்ற வரிசையில் அது பணிபுரிகிறது. அந்த வரிசையின் கடைசிப் படி தடைபட்டால் மற்றவை வெறும் ஊகமாகிவிடும். ஜப்பான் 2011க்குப் பிறகு தன் கிழக்குக் கடலடியில் 150 கண்காணிப்பு நிலையங்களைக் கம்பிவடத்தால் இணைத்தது. அந்தமான் அகழிக்கு அருகிலும் கடலடி அளவீடுகள் பெருக வேண்டும். பழைய துறைமுகப் பதிவுச் சுருள்கள் கணினி வடிவுக்கு மாற்றப்பட்டு எல்லா ஆய்வாளருக்கும் திறந்து வைக்கப்பட வேண்டும். 1881இல் அந்தக் கருவிகளை ஓடவிட்டவர்கள் எந்தப் பிளவையும் தேடவில்லை. இடைவிடாமல் பதிந்தார்கள், பதிந்ததைப் பாதுகாத்தார்கள். அறிவியலுக்கு அது போதுமானதாக இருந்தது.

மக்களுக்கும் இந்த ஆய்வுகள் ஒரு விதியைத் தருகின்றன. தமிழகக் கரைக்குச் சுமத்ராவிலிருந்து அலை வர இரண்டரை மணி நேரம் ஆகும். மாதிரிகள் திருத்தப்பட்டு எச்சரிக்கை வந்து சேர அந்த நேரம் போதும். நிக்கோபார் மக்களுக்கு அந்த அவகாசம் இல்லை. அவர்களுக்கு எச்சரிக்கை காலடியில் வரும் அதிர்வு மட்டுமே. அந்த அதிர்வு எவ்வளவு கடுமையானது என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பிளவு நீளமானால் உடைய நேரம் அதிகம் ஆகும். அகழியருகே உடைந்தால் அதிர்வு மெல்லியதாகவும் நீண்டதாகவும் இருக்கும். இரண்டுக்கும் பொதுவான அடையாளம் நீடிக்கும் நேரம். கடலோரத்தில் நிலம் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடினால், அது எவ்வளவு மென்மையாக இருந்தாலும், சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு நடக்க வேண்டும் என்பதைக் கடலோரப் பள்ளிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் கற்பிக்க வேண்டும்.